டாக்டர் ஜோசப் கோல்டுபர்கர்

ஏழையின் நோய்க்கு அவன் பிறப்பையும் அழுக்கையும் காரணம் காட்டும் வழக்கத்தை நாம் நன்கு அறிவோம். அமெரிக்கத் தென் மாநிலங்களிலும் அவ்வழக்கம் இருந்தது. பெலாக்ரா என்னும் நோய் அங்கே தோலைக் கருக்கி, வயிற்றைக் கெடுத்து, அறிவைக் கலக்கி, உயிரையும் குடித்தது. தொற்றுநோய் என்றனர் சிலர். பரம்பரைக் குறை என்றனர் வேறு சிலர்.

1914இல் இதனை ஆராய அரசு அனுப்பிய மருத்துவர் கோல்டுபர்கர். 1874இல் ஆஸ்திரிய-ஹங்கேரியில் யூதக் குடும்பத்தில் பிறந்து, நியூயார்க்கில் மளிகைக்கடை வைத்துப் பிழைத்த பெற்றோரிடம் வளர்ந்தவர். அநாதை விடுதிப் பிள்ளைகளைப் பற்றிய நோய் ஊழியரைப் பற்றாதது அவர் கண்ணில் பட்டது. தொற்றுநோய் ஆள் பார்த்தா ஒட்டும்? சோளமாவையே பெரிதும் உண்டுவந்த பிள்ளைகளுக்குப் பாலும் முட்டையும் இறைச்சியும் கொடுக்கச் செய்தார், நோய் அகன்றது. விடுதிச் சாப்பாட்டில் வளர்ந்த நம்மவர்க்கு இதன் அருமை விளங்கும்.

1915இல் விடுதலை தருவதாகச் சொல்லிக் கைதிகளுக்குக் குறையுணவு அளித்து அந்நோயை வரவழைத்ததை நாம் மெச்சுவதற்கில்லை. ஆயினும் தம்மையும் அவர் விட்டுவைக்கவில்லை. 1916இல் நோயாளியின் இரத்தத்தைத் தம் உடலில் ஏற்றிக்கொண்டார். நோயாளிகளின் மலத்தையும் சிறுநீரையும் உட்கொண்டார். மனைவி மேரியும் இரத்தம் ஏற்றிக்கொண்டார். ஒருவருக்கும் நோய் வரவில்லை.

பின்னர்ப் பொருளியலறிஞர் சிடன்ஸ்டிரிக்கருடன் தென் கரோலினாவின் பஞ்சாலைக் கிராமங்களில் வீடுவீடாக வருமானமும் உணவும் கணக்கிட்டார். வருமானம் குறையக் குறைய நோய் மிகுந்திருந்தது. வறுமையே வேர் என்று அவர் கூறியதைத் தென்மாநிலப் பெரியமனிதர் பலர் தம் நாட்டுக்கு இழுக்கென்று சினந்தனர்.

1929இல் புற்றுநோயால் அவர் மறைந்தார். குறைந்திருந்த சத்து நியாசின் என்பது 1937இல்தான் தெரியவந்தது.