வைத்தியர் ஓஷானஸி

காவிரி பாயும் கழனிகள் சூழ்ந்த தாராசுரத்தில், இரண்டாம் இராசராச சோழன் எடுப்பித்த ஐராவதேசுவரர் ஆலயத்தை நாம் காணுந்தோறும் ஒன்று நினைவிற்கு வரும். அங்கு உறையும் சிவபெருமானுக்கு உரிய மலர்களுள் ஊமத்தமும் ஒன்று. அறிவை மயக்கும் அச்செடியும் கஞ்சாவும் நம் நாட்டில் மருந்தாகவும் நஞ்சாகவும் நெடுங்காலம் வழங்கி வந்தன. இவற்றுள் கஞ்சாவின் குணமும் குற்றமும் யாவை என்று நோயாளியின் படுக்கையருகே நின்று ஆராய்ந்தவர், இந்தியாவில் தந்தியை நிறுவியவரெனப் புகழ்பெற்ற வில்லியம் புரூக் ஓஷானஸி ஆவர்.

அயர்லாந்து தேசத்து லிமெரிக் நகரிற் பிறந்த இவர், எடின்பரோவில் 1829-ஆம் ஆண்டு வைத்தியப் பட்டம் பெற்றார். இங்கிலாந்தில் வாந்திபேதி பரவியபோது, நோயாளியின் இரத்தம் நீரையும் உப்பையும் இழத்தலைச் சோதித்துக் கண்டார். 1833-ல் கும்பினியாரின் வைத்தியராய்க் கல்கத்தா வந்து, 1835-ல் தோன்றிய வைத்தியக் கல்லூரியில் இரசாயன ஆசிரியரானார்.

கஞ்சாவைப்பற்றிப் பழைய நூல்கள் கூறுவனவற்றை முதலில் பண்டிதர்பாற் கேட்டறிந்தார். பின்னர் நாய் முதலிய பிராணிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். அதன் பின்னரே வாதநோய், தனுர்வாதம், வாந்திபேதி ஆகியவற்றால் வருந்தினோர்க்குச் சிற்றளவிற் கொடுத்தார். அவர்தம் மாணாக்கர் சிலரும் தாமே உண்டு பார்த்தனர். அவருள் ஒருவர் உரக்க நகைத்துத் தம்மை அரசராக எண்ணி ஏவலருக்குக் கட்டளையிட்டார். உடன் பயின்றோரை அறியாதவராய், கல்லூரி நாட்கள் கழிந்து பல்லாண்டு ஆயினபோலப் பேசினார்.

வெறிநாய் கடித்த ஒருவர் பிழைத்திலர். எனினும் அவருடைய வேதனை பெரிதும் தணிந்தது. ஓஷானஸி இவ்விரண்டையும் மறையாது 1839-ல் எழுதி வெளியிட்டார். இடைவிடாது உண்போர்க்குச் சித்தப்பிரமை உண்டாதலையும் அதிற் கூறினார்.

பின்னர்த் தந்தி இலாகாவின் தலைமையேற்று, கல்கத்தாவைச் சென்னை முதலிய நகரங்களோடு இணைத்தார். 1856-ல் சர் பட்டம் பெற்றார். 1889-ல் இங்கிலாந்திற் காலமானார்.

சாவை எதிர்நோக்குவோரின் துயரைத் தணிக்கும் முயற்சி இன்றும் ஓய்ந்திலது. காளானிலுள்ள சிலோசைபின் என்னும் சத்து, புற்றுநோயாளர் பலருடைய மனக்கலக்கத்தைத் தணித்ததென்று அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தார் 2016-ல் வெளியிட்டனர். இத்தகைய மருந்துகளைக் கண்மூடிப் புகழ்வோரும் உளர். ஆராயாது இகழ்வோரும் உளர். இருசாராரையும் சாராது, கண்டதைக் கண்டபடி எழுதிய ஓஷானஸியின் நெறி, வைத்தியம் பயிலப் புகும் நம் மாணவர்க்கு நல்வழிகாட்டி என்பது எமது துணிபு.