ஓதலும் ஊணும்: நாவலர் பெருமான் வாழ்வு காட்டும் நெறி

கற்றது நாவிலே நின்றுவிடுவதும் உண்டு. நடையிலே இறங்குவதும் உண்டு. நடையிலே இறங்கிற்றோ என்று அறிதற்கு ஒருவருடைய உண்கலம் நல்ல சாட்சி. உண்டல் நாடோறும் தவறாது நிகழுந் தொழிலாதலின். இதனை நன்குணர்ந்து உபதேசித்தும் நடந்துங் காட்டியவர் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுகநாவலர் அவர்கள். அவர் சரித்திரத்தை ஆசிரியர்களாகிய நாம் பலமுறை கேட்டுள்ளோம், மாணவர்க்குஞ் சொல்லியுள்ளோம். ஓதலும் ஊணுமாகிய இரண்டும் அச்சரித்திரத்திலே எங்ஙனம் இணைந்தன என்பதை மாத்திரம் இங்கே எடுத்துச் சிந்திப்போம்.

நாவலரவர்கள் 1822ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 18ஆந் திகதி, யாழ்ப்பாணத்து நல்லூரிலே, கந்தப்பிள்ளைக்கும் சிவகாமியம்மைக்குங் கடைசிப் புத்திரராய்த் தோன்றினார். இளமையிலே தந்தையாரை இழந்தார். சரவணமுத்துப் புலவரிடத்தும் சேனாதிராய முதலியாரிடத்தும் தமிழ் கற்றார். உவெஸ்லியன் மிஷன் பாடசாலையிலே ஆங்கிலம் பயின்று, பின்பு அங்கேயே ஆசிரியருமாயினார். பீற்றர் பேர்சிவல் பாதிரியார் கிறிஸ்தவ வேதத்தைத் தமிழாக்கிய பணியிலே பல ஆண்டு துணைநின்றார். நாமும் மிஷன் பாடசாலையிலே பயின்றவராதலின், அங்கே அவர் பெற்றது இன்னதென ஒருவாறு அறிவோம். காலந்தவறாமை, வாரந்தோறும் ஒருநாளைக் குறித்து உபதேசித்தல், நூலை அச்சிட்டுப் பிள்ளைகள் கையிலே கொடுத்தல் ஆகிய மூன்றும் அவையாம். நாவலர் அம்முறைகளைக் கைக்கொண்டார்; தமது சமயத்தை விட்டாரல்லர்.

1847ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 31ஆந் திகதி வெள்ளிக்கிழமை மாலை, வண்ணார்பண்ணைச் சிவன்கோயிலிலே முதற் பிரசங்கம் தொடங்கிற்று. அப்பொழுது அவருக்கு வயசு இருபத்தைந்து. நல்லூர்க் கார்த்திகேய ஐயரும் அவருமாக அதனை வெள்ளிதோறும் நடத்தினர். வாரத்தில் ஒருநாள், ஓரிடம், ஒருநேரம், ஒருபொருள் என்னும் இவ்வொழுங்கு சிறிதுபோலத் தோன்றும். ஆயினும் ஆறுநாளும் பலதொழிலிலே அலைந்த மனம் ஏழாம்நாள் வந்து அமர்தற்கு ஓரிடம் உண்டாயிற்று. சிவபத்தி, தானம், பசுக்காத்தல் என்பவற்றோடு கொல்லாமையும் கள்ளுண்ணாமையும் அங்கே விரித்துரைக்கப்பட்டன. கேட்டோர் வீடுதிரும்பியதும் அடுக்களையிலேயே அப்பிரசங்கத்துக்குப் பரீட்சை தொடங்கிவிடும்.

1848ஆம் ஆண்டிலே அவர் மிஷன் பாடசாலை வேதனத்தைத் துறந்து, வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தார். 1849ஆம் ஆண்டிலே அச்சியந்திரம் வாங்குதற்பொருட்டுத் தமிழ்நாடு சென்றபோது, திருவாவடுதுறை ஆதீனத்தார் அவருக்கு நாவலர் என்னும் பட்டத்தை அளித்தனர். அவர் பதிப்பித்த நூல்களுள்ளே உணவைப்பற்றிய போதனை பலவிடத்தும் வரும். நான்காம் பாலபாடத்திலே கொலை, புலாலுண்ணல், கள்ளுண்ணல் என்பன தனித்தனிப் பாடங்களாம். சைவ வினாவிடையிலே உண்ணும் இடம், உண்கலம், உண்ணும் முறை என்பனவும் நித்திய கருமத்தின் பகுதியாக வைக்கப்பட்டன. தெய்வத்தின் பெயரால் உயிர்ப்பலி இடுதலையும் அவர் கடிந்தார். சுவைத்தற்கும் சொல்லுதற்கும் கருவி ஒரே நாவாதலின், அவ்விரண்டையும் ஒருங்கே காத்தவர்க்கு அப்பட்டம் இருவகையாலும் பொருந்திற்று என்று நாம் கருதுகின்றோம்.

இவ்வளவோடு நின்றிருப்பாராயின், உண்ணத்தகாததை விலக்கச்சொன்ன ஓர் ஆசாரியர் என்றே அவரை நாம் நினைப்போம். 1876, 1877ஆம் ஆண்டுகளிலே யாழ்ப்பாணத்தைப் பஞ்சமும் பேதிநோயும் வருத்தின. அப்பொழுது அவர் பொருளுடையோரிடம் உதவி வேண்டிப் பெற்று, கஞ்சித்தொட்டி வைப்பித்துப் பசித்தோர்க்குக் கஞ்சி வார்ப்பித்தார். எதனை உண்ணலாகாது என்று முப்பது ஆண்டு உபதேசித்தவர், உண்ண ஒன்றுமில்லாதவர் எதிரே நின்றபோது, கஞ்சியையே தமது உபதேசமாக்கினார். அவர் சரித்திரத்திலே நம்மை மிகவும் உருக்கும் இடம் இதுவேயாம்.

ஒன்றை மறைத்தல் தகாது. சாதியாசாரத்திலே நாவலரவர்கள் தமது காலத்து வரம்பைக் கடந்தாரல்லர். அவ்வரம்பு நமக்கு விதியன்று. இன்று ஒரு வகுப்பிலுள்ள பிள்ளைகள் அனைவரும் ஒரே பந்தியில் உண்ணவேண்டும். பெரியோரை வணங்குதல் வேறு. அவர் காலத்தின் குறையைக் கட்டிக்காத்தல் வேறு.

இனி, நமது மட்டக்களப்பு வாவிக்கரைக்கு வருவோம். படுவான்கரையிலே வயல், எழுவான்கரையிலே கடல், நடுவே மீன்மிக்க வாவி. வலைவீசிப் பிழைக்கும் குடும்பத்துப் பிள்ளைகள் நம் வகுப்பிலே பலர். அப்பிள்ளையை எழுப்பி, மீன் உண்டாயோ என்று வினாவி நாணச்செய்யும் ஆசிரியர் புலால்மறுத்தலைக் கற்பித்தவராகார். அருளை மறக்கக் கற்பித்தவராவர். முதல் வினா, காலையிலே உண்டாயோ என்பதாக இருத்தல் வேண்டும். காரைதீவிலே 1892ஆம் ஆண்டு பிறந்து, மிஷன் பாடசாலைகளிலே பயின்று, 1929ஆம் ஆண்டு கல்லடி உப்போடையிலே சிவானந்த வித்தியாலயத்தை நிறுவிய விபுலாநந்த அடிகளும், கல்வியையும் ஏழைப் பிள்ளைகளின் பராமரிப்பையும் சேர்த்தே நடத்தினார் என்பது நம்மவர் அறிந்தது.

விரதத்தை நாம் மேற்கொள்ளும்போதும் அறிவோடு மேற்கொள்ளல் வேண்டும். புலாலை விட்டுச் சோற்றைமாத்திரம் பெருக்கிக்கொள்ளுதல் தவமாகாது, நீரிழிவுக்கு வழியாம். தீட்டாத அரிசிச்சோற்றை அளவாகக் கொண்டு, பயறு, உளுந்து, கௌபி என்பவற்றுள் ஒன்றையும், முருங்கையிலை, வல்லாரை, பொன்னாங்காணி என்பவற்றுள் ஒன்றையும் நாடோறும் சேர்த்தல் நலம். அரிசியிலே குறைந்த புரதக்கூற்றைப் பருப்பு நிரப்பும். பருப்பிலே குறைந்ததை அரிசி நிரப்பும். உயிர்ச்சத்து பி12 மரக்கறியினாற் கிட்டுவதன்று. பாலும் தயிரும் அதனை ஒருவாறு தரும். எருமைத்தயிருக்குப் பெயர்பெற்ற நாட்டிலே இருக்கின்ற நமக்கு இதுவோ அரிது? அதன்மேற் பெய்யுஞ் சீனியைக் குறைத்தலே அரிது.

நாவலரவர்கள் 1879ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 5ஆந் திகதி சிவபதமடைந்தார். அப்பொழுது அவருக்கு ஐம்பத்தேழு வயசு நிரம்பவில்லை. நம்மிற் பலர் அவ்வயசை அணுகிவிட்டோம். அவர் செய்தவற்றுள் நூறிலொன்றுஞ் செய்தோமில்லை. ஆயினும் வெள்ளி மாலையும் சனி ஞாயிறுகளும் நமக்கும் உண்டு. கண்ணகி வழக்குரையைக் கோயிலிலே இருந்து கேட்கும் வழக்கமுடைய ஊர்களிலே, வீட்டிலே ஒரு நூலை வாய்விட்டு வாசித்தல் புதிய வேலையன்று.

நாவலரவர்கள் 1852ஆம் ஆண்டு வெளியிட்ட பெரியபுராண வசனத்தை எடுத்து, வாரம் ஒரு சரித்திரமாக, குடும்பத்தார் சூழ இருந்து வாசிப்போமாக. இளையான்குடிமாற நாயனார் சரித்திரத்திலே தொடங்குதல் பொருந்தும். மழையிருளிலே வந்த அடியவர் பசியைத் தீர்க்க, விதைத்த நெல்லையே வாரிவந்து, முற்றாத கீரையைப் பறித்துச் சமைப்பித்த தம்பதிகள் அவர்கள். வாசித்து முடித்து உண்ண அமரும்போது, கலத்திலே உள்ளது யாது என்று ஒருமுறையும், அயலிலே உண்ணாதவர் யார் என்று ஒருமுறையும் நினைப்போமாக. திங்கட்கிழமை வகுப்புக்குச் செல்லும்போது அவ்விரண்டாம் நினைவு நம்மோடு செல்லுதல் வேண்டும்.