கடல் கடந்து வந்த ஆசிரியை

அள்ளிக் கொடுத்தாலும் குறையாத செல்வம் கல்வி என்பதை நாம் எல்லாரும் அறிவோம். ஆனால் அச்செல்வத்தைக் கொடுப்பதற்காகவே தாய்நாட்டைத் துறந்து, மொழி தெரியாத ஊருக்கு வந்து, ஏழைச் சிறுமியரின் வீட்டுக் கதவைத் தட்டிய ஒரு பெண்மணியை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அவரே சகோதரி நிவேதிதை.

அயர்லாந்து நாட்டின் டங்கானன் என்னும் சிற்றூரில் 1867ஆம் ஆண்டு அக்டோபர் 28ஆம் நாள் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் மார்கரெட் எலிசபெத் நோபிள். தந்தை ஒரு சமய போதகர். மார்கரெட்டுக்குப் பத்து வயதானபோது தந்தை மறைந்தார். விடுதியில் தங்கிப் படித்த அவர், பதினேழு வயதிலேயே ஆசிரியப் பணியை ஏற்றார். பின்னர் இலண்டன் நகரை அடுத்த விம்பிள்டனில் சொந்தமாக ஒரு பள்ளியையும் தொடங்கினார். பிரம்பால் அல்ல, விளையாட்டால் கற்பிக்க வேண்டும் என்பதே அவருடைய கொள்கை.

1895இல் இலண்டனில் சுவாமி விவேகானந்தரைச் சந்தித்தது அவர் வாழ்வின் திருப்புமுனை. இந்தியப் பெண்களின் கல்விக்கு உழைக்க ஆள் வேண்டும் என்று சுவாமிகள் கூறினார். வெப்பமும் வறுமையும் ஏளனமும் காத்திருக்கும் என்பதையும் மறைக்கவில்லை. எல்லாவற்றையும் அறிந்தே மார்கரெட் கப்பல் ஏறினார். 1898 ஜனவரி 28ஆம் நாள் கல்கத்தா வந்து சேர்ந்தார். அர்ப்பணிக்கப்பட்டவள் எனப் பொருள்படும் நிவேதிதை என்னும் பெயரை அவ்வாண்டு மார்ச் மாதத்தில் சுவாமிகள் அவருக்குச் சூட்டினார்.

கல்கத்தாவின் வடபகுதியான பாக்பஜாரில், ஒரு குறுகிய சந்தில் இருந்த தம் வீட்டிலேயே 1898 நவம்பர் 13ஆம் நாள் பெண்கள் பள்ளியை அவர் தொடங்கினார். அன்னை சாரதா தேவியார் அதனைத் திறந்து வைத்தார். ஆனால் பள்ளிக்கு வருவார் யார்? சிறு வயதிலேயே பெண்களுக்கு மணம் முடித்துவிடும் காலம் அது. வெள்ளைக்காரப் பெண்ணிடம் பிள்ளைகளை அனுப்பவும் பெற்றோர் தயங்கினர். நிவேதிதை சோர்ந்துவிடவில்லை. வீடு வீடாகச் சென்று மன்றாடிச் சிறுமியரை அழைத்து வந்தார். தாமும் ஒரு மாணவியைப் போல வங்க மொழியைக் கற்றார். எழுத்தோடு ஓவியமும் தையலும் கற்பித்தார்.

1899இல் பிளேக் நோய் பரவியது. மக்கள் அஞ்சி ஒதுங்கிய நேரத்தில், இந்த ஆசிரியை தாமே துடைப்பம் ஏந்தித் தெருவைக் கூட்டினார். நோயுற்றோர் குடிசைகளுக்குச் சென்று பணிவிடை செய்தார்.

பள்ளியை நடத்தப் பணம் போதவில்லை. அதே ஆண்டில் பள்ளியை நிறுத்திவிட்டு, நிதி திரட்ட மேலைநாடுகளுக்குச் சென்றார். 1902இல் திரும்பி வந்து பணியைத் தொடர்ந்தார். அமெரிக்காவிலிருந்து வந்த சகோதரி கிறிஸ்டினும் துணை நின்றார். வீட்டை விட்டு வெளிவராத இல்லத்தரசியருக்கும் வகுப்புகள் நடந்தன. நூல்கள் எழுதிக் கிடைத்த பணத்தையும் பள்ளிக்கே செலவிட்டார்.

நம் மகாகவி பாரதியார் அவரைச் சந்தித்தபோது, மனைவியை ஏன் உடன் அழைத்து வரவில்லை என்று நிவேதிதை கேட்டதாகக் கூறுவர். அந்த ஒரு கேள்வி பெண் விடுதலைக்குப் பாரதியாரின் கண்களைத் திறந்தது. அவரைக் குருவாக ஏற்ற பாரதியார், 1908இல் வெளிவந்த தம் கவிதை நூலை அவருக்கே காணிக்கையாக்கினார்.

1911 அக்டோபர் 13ஆம் நாள் டார்ஜிலிங்கில் நிவேதிதை உயிர் நீத்தார். அப்போது அவருக்கு 44 வயதுகூட நிறையவில்லை. தம் உடைமைகளை இந்தியப் பெண்களின் கல்விக்கே எழுதி வைத்திருந்தார். அவர் தொடங்கிய பள்ளி அவர் பெயராலேயே இன்றும் நடைபெறுகிறது.

இவ்வரலாற்றைப் படித்தபோது எங்களுக்கு ஒரு முகம் நினைவுக்கு வந்தது. எட்டாம் வகுப்பு வரை எங்களுடன் படித்த தோழி ஒருத்தி, தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டோடு நின்றுவிட்டாள். அவள் வீடு இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறது. கடல் கடந்து வந்த ஒருவர் முன்பின் அறியாத சிறுமியரின் வாசலில் நின்று மன்றாடினார். நாங்களோ எங்கள் தோழியின் வாசலுக்கு ஒரு முறையும் செல்லவில்லை. இதை எழுதும்போது எங்களுக்கு வெட்கமாக இருக்கிறது.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை செய்ய ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்களின் பிள்ளைகள் நம் தெருக்களில் விளையாடுகிறார்கள். தமிழ் தெரியாததால் நம்மைக் கண்டால் ஒதுங்கிப் போகிறார்கள். பொதுத்தேர்வு முடிந்ததும் மாலை வேளைகளில் அவர்களுக்குத் தமிழ் எழுத்துகளைச் சொல்லிக் கொடுக்க நாங்கள் ஐவர் முடிவு செய்திருக்கிறோம். நமக்கு அவர்கள் மொழி தெரியாதே என்று ஒருத்தி தயங்கினாள். நிவேதிதைக்கும் முதலில் வங்கம் தெரியாது என்று மற்றொருத்தி நினைவூட்டினாள்.

ஆனால் அதற்கு முன், தேர்வு வரும்வரை காத்திராமல், வரும் சனிக்கிழமையே எங்கள் பழைய தோழியின் கதவைத் தட்டப் போகிறோம். தம்பியையும் தூக்கிக்கொண்டு வரட்டும். அவனை நாங்கள் மாறி மாறிப் பார்த்துக்கொள்வோம். விட்ட பாடத்தை அவள் எங்களோடு அமர்ந்து படிக்கட்டும். தோழியரே, நீங்களும் எங்களுடன் வாருங்கள்!