தகடூர் கண்ட ஔவை

ஔவை என்றதும் தமிழர் நெஞ்சில் எழுவது கோலூன்றிய நரைமூதாட்டியின் உருவமே. 1953இல் ஜெமினி நிறுவனம் வெளியிட்ட திரைப்படத்தில் கே.பி. சுந்தராம்பாள் அவ்வுருவத்துக்குக் குரலும் தந்துவிட்டார். மணவாழ்வை விரும்பாத இளம்பெண் விநாயகப் பெருமானை வேண்டி முதுமை பெற்றாள் என்னும் கதையும் அதனால் ஊன்றி நின்றது. தனித்து வாழ நினைக்கும் பெண் தன் இளமையையே விலையாகக் கொடுத்தாக வேண்டும் என்று கருதிய ஒரு காலம் புனைந்த கதை அது. ஆத்திசூடி பாடியவர் வேறு, அதியமானைப் பாடியவர் வேறு என்று அறிஞர் பலர் எடுத்துக்காட்டியும் அக்கதை அசையவில்லை.

1998இல் கவிஞர் இன்குலாப் எழுதி, அ. மங்கையின் நெறியாள்கையில் மேடையேறிய ‘ஔவை’ நாடகம் வேறொருவரைக் காட்டிற்று. யாழும் முழவும் சூழ ஊர்தோறும் திரியும் பாண்மகள் அவர். நாடகம் கற்பனைதான், அதன் வேர் புறநானூற்றில் இருக்கிறது. அவ்வழியே சென்று காணும் உலகம் நம் முன்னோருடையதே எனினும், இன்றைய நமக்கு அயல்நாடு போன்றது. அங்கே பாடும் பெண் அரசனோடு அமர்ந்து கள்ளருந்துவாள், தூது செல்வாள், சினந்தால் வாயிலை விட்டு நீங்குவாள். வகுப்பறைகளில் இவற்றை விரைந்து கடந்துவிடுவதே நம் வழக்கமாயிற்று.

சங்க ஔவையின் பாடல்களாக நமக்குக் கிடைத்தவை 59. அவற்றுள் 33 புறநானூற்றில் உள்ளன. அவர் வாழ்வின் நடுநாயகமாக விளங்குபவன் இன்றைய தருமபுரியாகிய தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி. திருக்கோவிலூரை அடுத்த ஜம்பையில் 1981இல் கண்டறியப்பட்ட தமிழிக் கல்வெட்டு, சதியபுதோ என்னும் பட்டத்தோடு அவன் பெயரைத் தாங்கி நிற்கிறது. அசோகனின் கல்வெட்டு சேர சோழ பாண்டியரோடு சேர்த்துக் கூறும் சதியபுத்திரர் யாவர் என்ற நெடுநாள் வினாவுக்கு அது விடையளித்தது. ஔவை பாடியது சிற்றூர்த் தலைவன் ஒருவனை அன்று.

பகையரசன் ஒருவன் ஔவையை விறலி என விளித்து, உன் நாட்டில் எம்மோடு பொருவாரும் உளரோ என்று கேட்கிறான். மன்றத்தில் தொங்கும் தண்ணுமையில் காற்று மோதி எழும் ஒலியையே போர்ப்பறையென எண்ணி எழுபவன் எம் தலைவன் என்று மறுமொழி வருகிறது. தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டியபோது, பீலியும் மாலையும் அணிந்து நெய்பூசிப் பளபளக்கும் அவன் வேல்களைப் புகழ்ந்துவிட்டு, அஞ்சியின் வேல்களோ நுனி முறிந்து கொல்லன் குறுங்கொட்டிலில் கிடக்கின்றன என்றார். புகழ்வது போலப் பழித்துப் போரை விலக்க முயன்ற அந்தச் சொல்வன்மை எந்தத் தூதுவர்க்கும் வாய்ப்பது அரிது.

அஞ்சி நெல்லிக்கனி ஈந்ததை எல்லோரும் அறிவர். அவன் பரிசில் நீட்டித்தபோது ஔவை செய்ததை அறிவோர் சிலரே. வாயில்காவலனை அழைத்து, உன் தலைவன் தன்னை அறியானோ, என்னை அறியானோ என்று கேட்டு, யாழையும் பையையும் எடுத்துக்கொண்டு புறப்பட்டார். மழுவேந்திக் காடு புகும் தச்சச் சிறுவர்க்கு மரம் கிடையாமற் போகுமா? கலைவல்லார்க்கு எத்திசையும் சோறுண்டு என்பதே அவர் துணிவு. அவரே மற்றொரு பாட்டில், அஞ்சி தரும் பரிசில் யானை தன் கோட்டிடை வைத்த கவளம் போன்றது, தவறாது என்று தேற்றிக்கொள்கிறார். சினமும் அன்பும் அவரிடம் ஒன்றையொன்று அழிக்கவில்லை. கனியைப் பெற்ற நன்றிக்காக அவர் தன்மதிப்பை அடகு வைக்கவுமில்லை.

பெருஞ்சேரல் இரும்பொறை தகடூரை எறிந்தான். அப்போரைப் பாடிய தகடூர் யாத்திரையில் சில பாடல்களே புறத்திரட்டில் எஞ்சின. அஞ்சி போரில் மாண்டபின் ஔவை பாடிய கையறுநிலையில், அவன் மார்பில் பாய்ந்த வேல் பாணர் மண்டையைத் துளைத்து, இரப்போர் கையையும் துளைத்து, புலவர் நாவிலும் பாய்கிறது. சிறிது கள் கிடைத்தால் தமக்கே தந்துவிடுவான், மிகுதியாயின் தாம் பாடத் தானும் மகிழ்ந்துண்பான் என்று அழுபவர் அரசனைப் பாடும் புலவராகத் தோன்றவில்லை. தோழனை இழந்தவராகவே தோன்றுகிறார்.

அஞ்சியின் மகன் பொகுட்டெழினி வாயிலிலும் பின்னாளில் அவர் தடாரிப்பறை கொட்டிப் பாடினார். எழினி கந்தல் களைந்து புத்தாடை உடுத்து விருந்தளித்தான். எனினும் தந்தைக்கு நட்ட கல்லை அவர் மறக்கவில்லை. மயிற்பீலி சூட்டிய அக்கல்லுக்குச் சிறுகலத்தில் நாரால் வடித்த கள்ளைப் படைப்பதைப் பார்த்து, மலைகளோடு நாட்டையே கொடுத்தாலும் கொள்ளாத அவன் இதைக் கொள்வானோ என்று கேட்டு நின்றார்.