சம்பளப் பேராசிரியர் ஆக 30 வருஷம்... நோபல் வென்ற மரியா மேயரின் கதை!

பக்கத்து சீட்காரருக்கு மாசம் பொறந்தா சம்பளம். அதே அளவு படிச்ச உங்களுக்கு ஒரு மேஜை மட்டும்தான்னா, எத்தனை மாசம் தாக்குப்பிடிப்பீங்க? இயற்பியலாளர் மரியா கோப்பெர்ட் மேயர் பல வருடங்கள் தாக்குப்பிடித்தார்.

1906-ல் அன்றைய ஜெர்மனியில் பிறந்தவர் மரியா. 1930-ல் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கினார். அதே வருடம் அமெரிக்க வேதியியலாளர் ஜோசப் மேயரைத் திருமணம் செய்துகொண்டு, அவருக்கு வேலை கிடைத்த ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்துக்கு வந்தார்.

அங்கேதான் சிக்கல். கணவன், மனைவி இருவருக்கும் ஒரே இடத்தில் வேலை கிடையாது என்பது அன்று பல அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் விதி. சொந்தக்காரங்களுக்கு வேலை போட்டுக்கொடுக்கிறதைத் தடுக்க வந்த விதிதான். படிச்சுப் பார்த்தா ஆண், பெண் பாகுபாடே தெரியாது. ஆனா, நடைமுறையில வெளியே நின்னது பெரும்பாலும் மனைவிதான்!

மரியாவுக்குக் கிடைத்தது, ஜெர்மன் மொழிக் கடிதங்களைப் பார்த்துக்கொள்ளும் சின்ன வேலை. அடுத்துப் போன கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அதுவும் இல்லை. 1946-ல் சிகாகோ பல்கலைக்கழகம் பதவியைக் கொடுத்தது, சம்பளம் கொடுக்கவில்லை. ஆர்கான் ஆய்வகத்தின் பகுதிநேர வேலைதான் வருமானம்.

அந்தக் காலகட்டத்தில்தான் அவர் பெரிய புதிரை அவிழ்த்தார். புரோட்டான் அல்லது நியூட்ரான்களின் எண்ணிக்கை 2, 8, 20, 28, 50, 82, 126 என்று இருந்தால் அந்த அணுக்கரு ரொம்ப உறுதியாக இருக்கும். ஏன்? துகள்கள் அடுக்கடுக்காக அமைந்து, சுற்றிவரும்போதே தம்மைத்தாமேயும் சுழல்கின்றன என்பதில் விடை இருந்தது. ஜோடி ஜோடியாக ஆடிக்கொண்டே அரங்கைச் சுற்றிவருபவர்களைக் கற்பனை பண்ணிக்கோங்க. ஒரு பக்கமாகச் சுழல்வது சுலபம், எதிர்ப்பக்கம் கஷ்டம். மரியா இப்படித்தான் விளக்குவார்.

1960-ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகம் அவரை முழுச் சம்பளப் பேராசிரியர் ஆக்கியது. டாக்டர் பட்டம் வாங்கி 30 வருடம் கழித்து! 1963-ல் நோபல் பரிசு. மேரி கியூரிக்குப் பிறகு இயற்பியலில் அதை வென்ற இரண்டாவது பெண். அப்போதும் உள்ளூர்ப் பத்திரிகை ஒன்று, ஊர்க்கார அம்மாவுக்கு நோபல் என்றுதான் தலைப்பு போட்டது.

1972-ல் மறைந்தார் மரியா. ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதான்னு உங்க காலேஜ்லயோ ஆபீஸ்லயோ யாராவது சொன்னா, அந்த ரூலால வெளியே நிக்கிறது யாருன்னு ஒரு தடவை எண்ணிப் பாருங்க.