தாவரங்களின் வழித்தடம் கண்ட ஜானகி அம்மாள்

நுழையும்முன்

இலையையும் பூவையும் கண்டு ஒரு செடியின் பெயரைச் சொல்பவர் பலர். அச்செடியின் செல்லுக்குள் நோக்கி, அது எவற்றின் கலப்பால் தோன்றியது, எவ்வழியே பரவியது என்று சொல்பவர் சிலரே. அச்சிலருள் ஒருவர் ஜானகி அம்மாள். கரும்பு வயலில் புகழ்பெற்று, காட்டைக் காக்கும் குரலாக நிறைவுற்ற அவரது வாழ்க்கையை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

இளமையும் கல்வியும்

எடவலத்து கக்கட் ஜானகி அம்மாள் 1897ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள் தலச்சேரியில் பிறந்தார். இன்று கேரளத்தில் உள்ள அவ்வூர், அன்று சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. தந்தை கிருஷ்ணன் சார்பு நீதிபதியாகப் பணியாற்றியவர். தோட்டக்கலையிலும் பறவைகளைக் கூர்ந்து நோக்குவதிலும் ஈடுபாடு கொண்டவர். தந்தையின் அந்த நாட்டம் மகளிடமும் வேரூன்றியது.

பெண்கள் பள்ளிப்படிப்பைத் தாண்டுவதே அரிதாக இருந்த காலம் அது. ஜானகியோ சென்னைக்கு வந்து இராணி மேரி கல்லூரியில் பயின்றார். பின்னர் மாநிலக் கல்லூரியில் தாவரவியலில் சிறப்புப் பட்டம் பெற்றார். சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரியில் ஆசிரியராகப் பணிபுரிந்தபோது, அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் ஆசியப் பெண்களுக்கென வழங்கிய பார்பர் உதவித்தொகை அவருக்குக் கிடைத்தது. மணவாழ்க்கையா, மேற்கல்வியா என்ற வினா எழுந்த நேரத்தில் அவர் கல்வியைத் தேர்ந்தெடுத்தார். கடல் கடந்து சென்று முதுகலைப் பட்டமும், 1931இல் முனைவர் பட்டமும் பெற்றார். இறுதிவரை திருமணம் செய்துகொள்ளாமல் ஆய்வையே வாழ்வாகக் கொண்டார்.

செல்லுக்குள் எழுதப்பட்ட வரலாறு

ஜானகி அம்மாள் தேர்ந்துகொண்ட துறை செல் மரபியல். உயிரினங்களின் மரபுப் பண்புகளைத் தாங்கிச் செல்லும் மரபணுக்கள், செல்லின் உட்கருவில் நூல்போன்று அமைந்த குரோமோசோம்களில் உள்ளன. ஒவ்வோர் உயிரினத்துக்கும் குரோமோசோம் எண்ணிக்கை ஒன்று உண்டு. மனிதரின் உடற்செல்லில் 46, நெற்பயிரில் 24, வெங்காயத்தில் 16 குரோமோசோம்கள் உள்ளன.

இவ்வெண்ணிக்கை வெறும் கணக்கன்று, பரிணாமத்தின் சான்று. இரண்டு சிற்றினங்கள் இயற்கையில் கலந்து, அவற்றின் குரோமோசோம் தொகுதிகள் ஒன்றுசேர்ந்து பெருகும்போது புதிய சிற்றினம் தோன்றக்கூடும். ரொட்டிக் கோதுமையின் செல்லில் உள்ள 42 குரோமோசோம்கள், மூன்று புல்வகைகள் தத்தமக்குரிய 14 குரோமோசோம்களை அளித்ததால் அமைந்தவை. இவ்வாறு குரோமோசோம் தொகுதிகள் இரண்டுக்கு மேற்பட்டு அமைவதைப் பன்மடியம் என்பர். விலங்குகளில் பன்மடியம் அரிது. தாவரங்களிலோ புதிய இனங்கள் தோன்றுவதற்கான பெருவழிகளுள் அதுவும் ஒன்று. எனவே, செடியின் குரோமோசோம்களை எண்ணுவது, அதன் முன்னோரைத் தேடிச் செல்வதற்கு ஒப்பாகும். ஜானகி அம்மாள் தம் வாழ்நாள் முழுவதும் செய்த பணி அதுவே.

கரும்பின் தாயகத்தில்

தாயகம் திரும்பிய ஜானகி அம்மாள், திருவனந்தபுரத்தில் இரண்டாண்டுகள் பேராசிரியராகப் பணியாற்றியபின், 1934இல் கோயம்புத்தூர்க் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் சேர்ந்தார். 1912இல் தொடங்கப்பட்ட அந்நிலையத்தில் பார்பரும் டி.எஸ். வெங்கட்ராமனும் ஏற்கெனவே பெருஞ்சாதனை நிகழ்த்தியிருந்தனர். தடித்த, இனிப்பு மிகுந்த கரும்பு வட இந்தியாவின் குளிரைத் தாங்கவில்லை. ஆகவே, அதனை ஆற்றங்கரைகளில் நாணல்போல் வளரும் காட்டுக் கரும்போடு கலந்து, கோ 205 என்னும் வகையை அவர்கள் உருவாக்கினர். இனிப்பை ஒன்றும் வலிமையை மற்றொன்றும் தந்தன. வகையின் பெயரில் உள்ள 'கோ' கோயம்புத்தூரைக் குறிப்பதாகும்.

இக்கலப்பின்போது செல்லுக்குள் நிகழ்வது என்ன என்பதை அறிய ஜானகி அம்மாளின் அறிவு துணைநின்றது. இனிப்புக் கரும்பில் 80 குரோமோசோம்கள் உள்ளன. காட்டுக் கரும்பிலோ இடத்துக்கு இடம் எண்ணிக்கை வேறுபடுகிறது. அவ்வேறுபாடுகளை அவர் நுண்ணோக்கியின்கீழ் ஆராய்ந்தார். கரும்பைச் சோளம், மக்காச்சோளம் முதலிய வேறு பேரினப் புற்களோடு கலந்து, அக்கலப்பினங்களின் குரோமோசோம் அமைப்பையும் விளக்கினார். எவ்வகையை எவ்வகையோடு இணைக்கலாம் என்பதற்கு அறிவியல் அடிப்படை கிடைத்தது.

ஆயினும், ஆடவரே நிறைந்த பணியிடத்தில் தனித்து வாழ்ந்த பெண் அறிவியலாளருக்கு உரிய மதிப்பு எளிதில் கிடைக்கவில்லை. மனக்கசப்புகள் நேர்ந்தன. அவற்றால் அவரது ஆய்வு நின்றுவிடவில்லை. வேறு நிலத்தை நாடிச் சென்றது.

போர்க்காலத்தில் ஓர் ஏடு

1939 ஆகஸ்டில் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் கூடிய உலக மரபியல் மாநாட்டுக்கு ஜானகி அம்மாள் சென்றார். மாநாட்டு நாள்களிலேயே போர் மேகங்கள் சூழ்ந்தன. செப்டம்பர் தொடக்கத்தில் இரண்டாம் உலகப்போர் மூண்டது. அவர் இங்கிலாந்திலேயே தங்கி, இலண்டனை அடுத்த மெர்ட்டனில் இருந்த ஜான் இன்னஸ் ஆய்வு நிலையத்தில் பணியைத் தொடர்ந்தார். நகரின்மீது குண்டுகள் விழுந்த ஆண்டுகளிலும் அவரது நுண்ணோக்கி ஓயவில்லை.

அங்குப் புகழ்பெற்ற மரபியலறிஞர் சி.டி. டார்லிங்டனுடன் இணைந்து அவர் உருவாக்கிய 'பயிரிடப்படும் தாவரங்களின் குரோமோசோம் விளக்கத்தொகுதி' 1945இல் வெளிவந்தது. மனிதர் வளர்க்கும் உணவுப் பயிர்கள், நார்ப்பயிர்கள், மருந்துச் செடிகள், அழகுச் செடிகள் என ஆயிரக்கணக்கான தாவரங்களின் குரோமோசோம் எண்ணிக்கையையும் அவற்றின் தோற்றத்தையும் அந்நூல் ஒருங்கே தந்தது. செடிகளின் வரலாறும் மனிதரின் வரலாறும் பின்னிப் பிணைந்தவை என்பதை அது உணர்த்தியது.

அடுத்து விஸ்லியில் இருந்த இராயல் தோட்டக்கலைக் கழகத்தின் தோட்டத்தில் பணியேற்றார். அங்குக் கால்ச்சிசின் என்னும் வேதிப்பொருளைச் செடிகளின் இளநாற்றுகளில் இட்டு ஆய்ந்தார். நம் மாநில மலரான செங்காந்தளிலும் அமைந்துள்ள இப்பொருள், இரட்டித்த குரோமோசோம்கள் இரு செல்களுக்குப் பிரிந்து செல்வதைத் தடுக்கும். அதனால் செல்லின் குரோமோசோம் எண்ணிக்கை இருமடங்காகும். இயற்கை நெடுங்காலத்தில் நிகழ்த்திய மாற்றத்தை அவர் ஆய்வுத்தோட்டத்தில் நிகழ்த்திப் பார்த்தார். அங்கு அவர் ஆய்ந்த மக்னோலியா மரவகை ஒன்று இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

மலையும் சமவெளியும்

விடுதலை பெற்ற இந்தியாவில் தாவர ஆய்வைச் சீரமைக்கப் பிரதமர் நேரு விடுத்த அழைப்பை ஏற்று, 1951இல் ஜானகி அம்மாள் நாடு திரும்பினார். இந்தியத் தாவர மதிப்பீட்டு நிறுவனத்தை மறுசீரமைக்கும் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. இந்தியச் செடிகளின் மாதிரிகள் பல அயல்நாட்டுக் காப்பகங்களிலேயே இருந்தன. நம் நாட்டுத் தாவரங்களை நம் மண்ணிலேயே இருந்து ஆராய வேண்டும் என்பது அவரது உறுதியான கருத்து.

இமயமலைத் தாவரங்களை ஆராய்ந்த அவர், குளிரும் வறட்சியும் மிக்க வடமேற்கைவிட, குளிரும் ஈரமும் மிக்க வடகிழக்கில் பன்மடியத் தாவரங்கள் மிகுந்திருப்பதைக் கண்டார். இந்திய, சீன, மலேயத் தாவரங்கள் சந்திக்கும் இடம் வடகிழக்கு. அச்சந்திப்பில் நிகழ்ந்த இயற்கைக் கலப்பே அப்பகுதியின் பல்வகைமைக்குக் காரணம் என்று விளக்கினார். மலைச்சரிவில் நிற்கும் செடிக்கூட்டம், நெடுங்காலக் கலப்பின் விளைவு என்பது இதனால் தெளிவாயிற்று.

அதே வேளையில், உணவு உற்பத்திப் பெருக்கத்துக்காகக் காடுகள் அழிவதையும் அவர் கண்டார். புவியின் முகத்தை மாற்றுவதில் மனிதரின் பங்கு குறித்து 1955இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் பன்னாட்டு அறிஞர்கள் கூடினர். அக்கருத்தரங்கில் இந்திய மக்களின் தன்னிறைவு வேளாண்மையைப் பற்றி அவர் எடுத்துரைத்தார்.

அமைதிப் பள்ளத்தாக்கு

1970 முதல் ஜானகி அம்மாள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் உயராய்வு மையத்தில் தகைசால் அறிஞராக விளங்கினார். சென்னையை அடுத்த மதுரவாயலில் இருந்த கள ஆய்வகத்திலேயே எளிய முறையில் வாழ்ந்து, மருந்துச் செடிகளைப் பயிரிட்டு ஆராய்ந்தார். 1977இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

அக்காலத்தில் கேரளத்தின் பாலக்காட்டு மலைப்பகுதியில், குந்திப்புழையின் குறுக்கே அணைகட்டி நீர்மின் நிலையம் அமைக்கும் திட்டம் உருவானது. அணை எழுந்தால், அமைதிப் பள்ளத்தாக்கின் மழைக்காடு நீரில் மூழ்கும். சோலைமந்திகளின் வாழிடம் குலையும். எழுத்தாளர்களும் ஆசிரியர்களும் அறிவியலாளர்களும் அதனை எதிர்த்தனர். எண்பது வயதை எட்டியிருந்த ஜானகி அம்மாளும் அவர்களோடு நின்றார். முழக்கத்தோடு நில்லாது, அப்பள்ளத்தாக்கின் தாவரங்களுடைய குரோமோசோம்களை ஆய்ந்து பதிவுசெய்யும் பணியில் இறங்கினார்.

ஒரு வகையில் இது வியப்புக்குரியது. அணை மின்சாரம் தரும். கரும்பு ஆய்வில் உழைத்த அவர் நாட்டின் தேவையை அறியாதவர் அல்லர். எனினும், விளைபயிருக்கு வலிமை தந்தது காட்டுக் கரும்பு என்பதையும் அவர் அறிவார். அணையைப் பிறிதோர் இடத்தில் கட்டலாம். ஒரு சிற்றினம் அழிந்தபின் அதனை மீண்டும் உருவாக்க எந்த ஆய்வகத்தாலும் இயலாது. காட்டை இழப்பது நாளைய வயலுக்கான விதையை இழப்பதாகும் என்னும் தெளிவு, வாழ்நாள் முழுவதும் குரோமோசோம்களை எண்ணியதால் அவருக்கு வாய்த்தது.

1983இல் அணைத்திட்டம் கைவிடப்பட்டது. 1984 பிப்ரவரி 7ஆம் நாள் ஜானகி அம்மாள் மதுரவாயலில் மறைந்தார். அதே ஆண்டு நவம்பரில் அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதனைக் காணும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. ஆனால், அவர் ஆராய்ந்த செடிகள் அங்கு இன்றும் தழைத்திருக்கின்றன. வகைப்பாட்டியல் ஆய்வாளர்களுக்கு இந்திய அரசு அவர் பெயரால் விருது வழங்கிச் சிறப்பிக்கிறது. கோயம்புத்தூரில் கரும்பையும் இமயத்தில் காட்டுச் செடியையும் ஒரே நுண்ணோக்கியால் கண்ட அவர், வயலும் காடும் ஒரே குடும்பத்தின் இரு கிளைகள் என்பதை நமக்குக் கற்பித்துச் சென்றார்.