இல்லந்தோறும் திருமகளை எழுந்தருளச் செய்த ராஜா ரவி வர்மா

செஞ்சிக்கு அருகே சிங்கவரம் குன்றில், பாறையைக் குடைந்த குகையிலே பள்ளிகொண்டு ஸேவை சாதிக்கும் ஸ்ரீரங்கநாதனை வடித்த சிற்பி இன்னார் என்று எவரும் அறியார். ஆனால் உத்ஸவத்துக்கு வரும் அன்பர்கள் கடைவீதியில் வாங்கிச் செல்லும் ஸ்ரீமஹாலக்ஷ்மி படத்துக்கு மூலவர் ஒருவர் உண்டு. தாமரை மீது நின்று, பின்னிரு கரங்களில் மலரேந்தி, புடவை உடுத்திய குடும்பப் பெண்ணைப் போல் அன்னையை முதலில் எழுதி அச்சில் பரப்பியவர் ராஜா ரவி வர்மா.

அவர் 1848-ஆம் ஆண்டு ஏப்ரல் 29-ஆம் நாள் திருவிதாங்கூரைச் சேர்ந்த கிளிமானூரில் அவதரித்தார். தந்தை ஸம்ஸ்க்ருத பண்டிதர். தாயார் உமா அம்பாபாய் கவி பாட வல்லவர். சுவரெங்கும் கரித்துண்டால் கிறுக்கிய சிறுவனைக் கடிந்துகொள்ளாமல், தஞ்சாவூர்ப் பாணி ஓவியம் அறிந்த மாமன் ராஜராஜ வர்மா கைப்பிடித்துப் பழக்கினார். 14-ஆம் வயதில் திருவனந்தபுரம் அழைத்துச் சென்றார். மன்னர் ஆயில்யம் திருநாள் ஆதரவளித்தார்.

ஆதரவு கிடைத்தது, ஆசான் கிடைக்கவில்லை. தைலவர்ணம் அந்நாளில் நம் நாட்டில் சிலரே அறிந்த வித்தை. அரண்மனை ஓவியர் ராமசாமி நாயக்கர் அதனைக் கற்பிக்க இசையவில்லை. அவருடைய சீடர் ஆறுமுகம் பிள்ளை இரவில் ஒளிந்து வந்து சில நுட்பங்களைச் சொல்லிக் கொடுத்தார் என்பர். 1868-இல் வந்த தியோடர் ஜென்சன் என்னும் ஐரோப்பியரும் தாம் எழுதுகையில் நின்று பார்க்க மட்டுமே இணங்கினார். பார்த்ததை மனத்தில் கொண்டு, எழுதி அழித்து, மீண்டும் எழுதித் தாமே தேர்ந்தார் ரவி வர்மா. கொல்லூர் மூகாம்பிகை ஸந்நிதியில் 41 நாள் விரதமிருந்த பின்னரே ஓவியத்தைத் தொழிலாக மேற்கொண்டார் என்பதும் அவர் சரிதத்தில் உண்டு.

1873-இல் சென்னைக் கண்காட்சியில் தங்கப் பதக்கம், அதே ஆண்டு வியன்னாவில் பரிசு, 1893-இல் சிகாகோவில் பரிசு எனப் புகழ் பெருகிற்று. பரோடா மன்னருக்காகப் புராண சித்திரங்கள் 14 எழுதப் பணிக்கப்பட்டபோது, தம்பி ராஜராஜ வர்மாவுடன் பாரதமெங்கும் யாத்திரை செய்து மக்களின் ஆடை அணிகளை ஆராய்ந்தார். கம்ஸ மாயையும் திரௌபதியின் துயரமும் அவற்றுள் அடங்கும். அவை பரோடா சேருமுன் பொதுமக்கள் காண வைக்கப்பட்டன. திரள் திரளாக வந்து கண்டனர்.

கும்பகோணத்தில் பிறந்து திருவிதாங்கூரிலும் பரோடாவிலும் திவானாக விளங்கிய ஸர் டி. மாதவ ராவ், இச்சித்திரங்களை அச்சிட்டு எல்லோருக்கும் எட்டச் செய்யுமாறு முன்பே யோசனை கூறியிருந்தார். 1894-இல் பம்பாயில் அச்சகம் எழுந்தது. ஒவ்வொரு வர்ணத்துக்கும் ஒரு கல். ஒன்றன்மேல் ஒன்றாகப் பதித்து, மேலே பளபளப்புப் பூசுவர். முதலில் சகுந்தலையின் பிறப்பு வெளிவந்தது. பின்னர் லக்ஷ்மி, ஸரஸ்வதி முதலிய திருவுருவங்கள் வந்தன. ஆயினும் ப்ளேக் நோயும் கடனும் துரத்தின. அச்சகம் லோனாவ்லா அருகே மளவ்லிக்குப் போயிற்று. சில ஆண்டுகளில் ஜெர்மானியர் ஒருவர் கைக்கு மாறிற்று.

ஆனந்த குமாரசுவாமி போன்ற அறிஞர்கள் இவ்வோவியங்களை மேனாட்டு முறையின் சாயல் என்று கண்டித்தனர். சில்ப சாஸ்திரம் கற்றோருக்கும் ஒரு குறை உண்டு. தாள அளவும் த்யான ச்லோகமும் கொண்டு அமைய வேண்டிய திருமேனியை, எதிரே அமர்ந்த மானிடப் பெண்ணைப் பார்த்து எழுதலாமோ? கேள்வி நியாயமானதே. ஆனால் அது கோவில் வாயில் அனைவருக்கும் திறவாத காலம். திருவிதாங்கூரில் 1936-இலும், சென்னை மாகாணத்தில் 1939, 1947-ஆம் ஆண்டுச் சட்டங்களாலும்தான் கதவு திறந்தது. அதுவரை கோபுரத்தை எட்ட நின்று கும்பிட்டவரின் வீட்டுச் சுவரிலும் அன்னை தாளில் எழுந்தருள வழி பிறந்தது. அவளை எந்த அளவுகோல் கொண்டு விலக்குவது?

1905 ஜனவரியில், தூரிகையிலும் துணையாயிருந்த தம்பி மறைந்தார். நீரிழிவால் நலிந்தும் மைசூர் மன்னருக்கான சித்திரங்களை எழுதிய ரவி வர்மா, 1906 அக்டோபர் 2-ஆம் நாள் கிளிமானூரில் பரமபதம் அடைந்தார். மளவ்லி அச்சகம் 1972-இல் தீக்கிரையாயிற்று.